ஊருக்கு ஒரு ஏ.ஈ.டி: மட்டக்களப்பு, அம்பாறை ஊர்ச் சங்கங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், விளையாட்டுக் கழகம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் என்று எங்காவது ஓரிடத்தில் "எங்கட ஊருக்கும் ஒரு ஏ.ஈ.டி வாங்கினால் என்ன?" என்ற பேச்சு எழுந்ததும் வரிசையாக வரும் கேள்விகள் இவை. வாங்குவதற்கு முன் கேட்கவேண்டியவையும் பெட்டி சுவரில் ஏறிய பிறகு கேட்கவேண்டியவையும் கலந்தே கிடக்கின்றன.

ஏ.ஈ.டி என்பது என்ன? நின்றுபோன இதயத்தை அது ஓட வைக்குமா?

ஏ.ஈ.டி என்பது இதயத்துக்கு மின்னதிர்ச்சி (ஷொக்) கொடுக்கும் தானியங்கிக் கருவி. முற்றாக நின்றுபோன இதயத்தை அது ஓட வைக்காது. திடீரென்று சரிந்து விழும் பலரின் இதயம் முதல் சில நிமிடங்கள் அசைவற்றுக் கிடப்பதில்லை. ஒழுங்கு கெட்டு, வலைக்குள் அகப்பட்ட மீன்போலத் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பால் இரத்தம் நகராது. நெஞ்சில் ஒட்டிய இரண்டு பட்டைகள் வழியாக ஏ.ஈ.டி ஒரு மின்னதிர்ச்சி கொடுத்து அந்தக் குழப்பத்தை ஒரே அடியில் அடக்கும். அதன்பின் இதயத்தின் சொந்த மின்தொகுதி மீண்டும் தாளம் பிடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

ஷொக் தேவையா இல்லையா என்பதைக் கருவியே பார்த்துத் தீர்மானிக்கும். அதனால்தான் மருத்துவம் படிக்காதவர்களும் இதைப் பயன்படுத்த முடிகிறது. ஜப்பானில் 2004ஆம் ஆண்டிலிருந்து பொதுமக்கள் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். 1965இல் பெல்பாஸ்ட் நகரில் பிராங்க் பான்ட்ரிட்ஜ் அம்புலன்ஸில் ஏற்றிய முதல் கருவி கார் பற்றரிகளில் ஓடியது, சுமார் 70 கிலோ எடை. இன்றைய பெட்டி ஒன்றரை முதல் மூன்று கிலோவரைதான்.

ஹார்ட் அட்டாக் வந்த எல்லோருக்கும் இதைப் போடலாமா?

வேண்டாம். மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. நெஞ்சை இறுக்கும், வியர்க்கும், இடக்கை வலிக்கும். ஆனால் ஆள் பேசுவார், மூச்சு விடுவார். அவருக்கு உடனே 1990 அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் வேலை. ஏ.ஈ.டியை எடுத்துவந்து பக்கத்தில் வையுங்கள், ஒட்டவேண்டாம். மாரடைப்பு எந்த நொடியிலும் இதய நிறுத்தமாக, அதாவது இதயம் இரத்தத்தை நகர்த்தாத நிலையாக மாறலாம். நினைவிழந்து, மூச்சும் ஒழுங்காக இல்லாதவருக்கு மட்டும்தான் பட்டை.

1990 இருக்கிறதே, பிறகு ஊருக்குள் எதற்குப் பெட்டி?

கணக்கு எளிது. சீ.பி.ஆரும் (நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) இல்லை, ஷொக்கும் இல்லை என்றால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம்வரை குறைகிறது. யாராவது நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் அந்தச் சரிவு ஏறத்தாழப் பாதியாகும். பத்து நிமிடம் வெறுமனே நின்றால் கையில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். 1990 சேவை இலவசம், ஆட்களும் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் வெல்லாவெளிக்கோ வாகரைக்கோ ஒரு வாகனம் ஐந்து நிமிடத்தில் பறந்து வராது. கல்முனைப் பிரதான வீதியில் சந்தை நேரத்து நெரிசல் வேறு.

அமெரிக்காவின் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்கு ஏ.ஈ.டி பழக்கிச் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. விழுந்து 3 நிமிடத்துக்குள் ஷொக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். 3 நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். ஷொக் கொடுத்தவர்கள் டொக்டர்கள் இல்லை, வாசலில் நின்ற காவலாளிகள்.

ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது விரைவில்லையா?

மூச்சுள்ளவருக்கு, அம்புலன்ஸ் தாமதமாகும் என்றால், சரி. மூச்சில்லாதவருக்கு அது பெரும்பாலும் கடைசிப் பயணம். ஓட்டோவின் பின்னிருக்கையில் மடங்கிக் கிடப்பவருக்குச் சீ.பி.ஆர் செய்ய இடமே இல்லை. போகும் நிமிடங்கள் முழுவதும் மூளைக்கு இரத்தம் போகாது. விழுந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், பெட்டி அவரைத் தேடி வரட்டும். ஊர்க்கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய விஷயம் இதுதான். ஏனென்றால் சுற்றி நிற்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் "தூக்குங்க, தூக்குங்க" என்றுதான் கத்துவார்கள்.

இது வலிப்பா, மயக்கமா, இதய நிறுத்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தோளைத் தட்டிப் பெரிய குரலில் கூப்பிடுங்கள். அசைவில்லை என்றால் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மோவாயை உயர்த்தி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்கு மேற்படாமல் பாருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, இதயம் நின்ற பலர் முதல் சில நிமிடம் வாயைத் திறந்து திறந்து கொர்ரென்று இழுப்பார்கள், கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பதுபோல. "மூச்சு இருக்குது" என்று அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் ஏராளம். அது மூச்சு இல்லை. இரண்டாவது, விழுந்தவுடன் கைகால் சில விநாடி வெட்டி இழுக்கலாம். உடனே ஒருவர் வலிப்பு என்று சொல்லி இரும்புத் திறப்பைத் தேடிக் கையில் திணிப்பார். வலிப்புக்கும் திறப்பு உதவாது என்பது வேறு கதை. இழுப்பு நின்றதும் மூச்சைப் பாருங்கள். ஒழுங்கான மூச்சில்லை என்றால் இதய நிறுத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கை நாடி பிடித்துப் பார்க்கவேண்டாம். பதற்றத்தில் தன் விரலின் துடிப்பையே அவருடையது என்று நினைத்துவிடுவீர்கள்.

சரி, முறையாக என்ன செய்யவேண்டும்?

ஒருவரைச் சுட்டிக்காட்டி "நீங்க 1990க்கு எடுங்க" என்றும், இன்னொருவரைச் சுட்டிக்காட்டி "நீங்க மோட்டார் சைக்கிள்ல போய்ப் பெட்டியை எடுத்திட்டு வாங்க" என்றும் சொல்லுங்கள். பொதுவாக "யாராவது" என்றால் யாரும் போகமாட்டார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். ஊர்ப்பெயர், வீதி, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளிவாசல், சந்தியில் நிற்கப்போகும் ஆள் ஆகிய நான்கையும் சொன்னால் அம்புலன்ஸ் ஒழுங்கையில் சுற்றாது.

கட்டிலில் கிடந்தால் தரைக்கு இழுங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மற்றக் கை, முழங்கை மடியாமல். 5 முதல் 6 சென்றிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வரவிடுங்கள். களைத்தவர்கள் கையை எடுக்காமல் சாய்ந்துகொண்டே அழுத்துவார்கள், அப்போது இதயம் நிரம்பாது. பழகியவர்கள் 30 அழுத்தம், 2 மூச்சு. பழகாதவர்கள் அழுத்தினால் மட்டும் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

பெட்டி வந்ததும் அழுத்துபவர் நிறுத்தக்கூடாது. மற்றவர் கருவியை இயக்கவேண்டும். சிலவற்றில் மூடியைத் திறந்தாலே இயங்கும், சிலவற்றில் பச்சைப் பொத்தான். உடுப்பைக் கத்தரித்து நெஞ்சைத் திறந்து, ஒரு பட்டையை வலது காறையெலும்புக்குக் கீழே ஒட்டுங்கள். மற்றதை இடப்பக்க விலாவில், அக்குளுக்குச் சற்றுக் கீழே. இரண்டாவதை முன்பக்கமாக, இடது மார்பின்மேல் ஒட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மின்சாரம் இதயத்தின் ஊடாகப் போகவேண்டுமானால் பட்டை பக்கவாட்டில் இருக்கவேண்டும். எந்தப் பட்டை எங்கே என்று படம் பட்டையிலேயே இருக்கும்.

கருவி பார்க்கும்போது யாரும் தொடவேண்டாம். ஷொக் என்றால், தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்து, "எல்லாரும் விலகுங்க" என்று கத்திவிட்டுப் பொத்தானை அமர்த்துங்கள். முடிந்த கையோடு மீண்டும் நெஞ்சு அழுத்தம். "எழும்பிட்டாரா?" என்று சுற்றி நின்று பார்ப்பதில் போகும் அரை நிமிடம் மிகவும் விலையானது. இரண்டு நிமிடம் கழித்துக் கருவியே மறுபடி பார்க்கும். அவர் அசையும்வரை அல்லது அம்புலன்ஸ்காரர் பொறுப்பெடுக்கும்வரை இதே சுற்று.

கருவி ஆங்கிலத்தில் பேசினால் என்ன செய்வது?

வாங்கும்போதே தமிழ்க் குரல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஐந்தே ஐந்து வசனங்களைத் தமிழில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினால் போதும். "அப்ளை பாட்ஸ்" என்றால் பட்டையை ஒட்டு. "அனலைசிங், டு நொட் டச்" என்றால் தொடாதே, பார்த்துக்கொண்டிருக்கிறேன். "ஷொக் அட்வைஸ்ட்" என்றால் ஷொக் தேவை, விலகு. "நோ ஷொக் அட்வைஸ்ட்" என்றால் ஷொக் வேண்டாம். "ஸ்டார்ட் சீ.பி.ஆர்" என்றால் அழுத்தத் தொடங்கு. உங்கள் கருவி சரியாக என்ன சொல்லுகிறதோ அதையே எழுதுங்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் சொற்கள் கொஞ்சம் மாறும். மூவின மக்களும் புழங்கும் இடமென்றால் சிங்களத்திலும் எழுதிவிடுங்கள்.

தெரியாமல் ஷொக் கொடுத்து ஆளைக் கொன்றுவிட்டால்?

ஷொக் தேவைப்படும் தாளம் இருந்தாலன்றிக் கருவி மின்னேற்றாது. பொத்தானை எத்தனை தரம் அமர்த்தினாலும் ஒன்றும் வராது. மூச்சில்லாமல் கிடப்பவரின் நிலையை நீங்கள் மோசமாக்க இடமே இல்லை. அழுத்தும்போது விலா எலும்பு முறியலாம், முறிந்த சத்தமும் கேட்கும். அதற்காக நிறுத்தவேண்டாம், எலும்பு பொருந்தும்.

"நோ ஷொக்" என்று சொன்னால் உயிர் போய்விட்டது என்றா அர்த்தம்?

அதுவும் இல்லை, பிழைத்துவிட்டார் என்றும் இல்லை. இப்போதைய தாளத்துக்கு ஷொக் உதவாது என்பது மட்டும்தான். உடனே அழுத்தத்தைத் தொடருங்கள். அடுத்த முறை பார்க்கும்போது விடை மாறலாம்.

விழுந்தது பெண் என்றால்? உடுப்பை எப்படித் திறப்பது?

இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போதுதான் கேட்பார்கள். ஆனால் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்வது ஒன்று: பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சீ.பி.ஆர் கிடைக்கிறது. கூச்சமும் பழிச்சொல்லுக்கான பயமும் அதற்குக் காரணம்.

முன்பே பேசி வைப்பதுதான் வழி. காத்தான்குடியோ களுவாஞ்சிகுடியோ, பயிற்சி பெற்றவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். பெட்டிக்குள் ஒரு சால்வை வையுங்கள். சாரிக்கு மேலாகவே, அபாயாவுக்கு மேலாகவே நெஞ்சை அழுத்தலாம், அதற்கு உடுப்புத் திறக்கத் தேவையில்லை. பட்டைக்கு மட்டும் தோல் வேண்டும். முன்பக்கம் நடுவே கத்தரித்து, பிராவையும் வெட்டி விலக்கி, பட்டைகள் ஒட்டியதும் சால்வையால் மூடிவிடலாம். மூடியிருந்தாலும் ஷொக் போகும். சுற்றி நிற்கும் பெண்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி துணி பிடித்து மறைத்தால் கூட்டமும் விலகும். பெண் உதவியாளர் இல்லையென்றால் ஆண் செய்யவேண்டும், காத்திருக்க நேரமில்லை. கர்ப்பிணிக்கும் இதே முறை.

பட்டை ஒட்டவில்லை, "செக் பாட்ஸ்" என்று கருவி கத்துகிறது. ஏன்?

நம்மூரில் முதல் காரணம் வியர்வை. அடுத்தது திருநீறு, சந்தனம், பவுடர், தேங்காய் எண்ணெய், கடற்கரை மணல். பெட்டிக்குள் இருக்கும் துவாயால் நெஞ்சை அழுத்தித் துடையுங்கள். ஸ்பிரிட் பூசித் துடைக்கவேண்டாம், அது தீப்பற்றும். மயிர் அடர்த்தியாக இருந்தால் பட்டை தோலைத் தொடாது. ரேசரால் அந்த இரண்டு இடத்தை மட்டும் வழியுங்கள், அழகு பார்க்க நேரமில்லை.

இவை எதுவும் இல்லையென்றால் வயரின் சொருகி முழுதாக உள்ளே போயிருக்காது. அல்லது பட்டையின் பசை காய்ந்திருக்கும், காலாவதித் திகதியைப் பாருங்கள்.

தாலிக்கொடியைக் கழற்றவேண்டியதில்லை. பட்டையில் முட்டாமல் ஒதுக்கிவிட்டால் சரி. நெஞ்சில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் உரித்துத் துடைத்துவிடுங்கள். காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் புடைப்பு இருந்தால் அது பேஸ்மேக்கர், இதயத்துடிப்பைச் சீராக்க உள்ளே வைத்த கருவி. அதன்மேல் ஒட்டாமல் ஒரு கையகலம் தள்ளி ஒட்டுங்கள்.

கல்லடி, பாசிக்குடா, அறுகம்பை போன்ற இடங்களில் கடலில் மூழ்கியவருக்கு?

மூழ்கியவரின் இதயம் நிற்பது பெரும்பாலும் ஒட்சிசன் இல்லாமல்தான். அதனால் இங்கே மூச்சுக் கொடுப்பது முதல் வேலை. கரைக்குக் கொண்டுவந்து ஐந்து மூச்சுக் கொடுத்துவிட்டு 30க்கு 2 என்று தொடருங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது எல்லாம் நேரத்தையும் கெடுக்கும், வாந்தியை நுரையீரலுக்குள்ளும் அனுப்பும்.

பொலபொலத்த மணலில் அழுத்தினால் உடல் புதையும். ஈரமான இறுகிய மணலுக்கோ ஒரு பலகைமேலோ மாற்றுங்கள். ஏ.ஈ.டி வந்தால் நெஞ்சை நன்றாகத் துடைத்து ஒட்டலாம். நிலம் ஈரமாக இருப்பது பிரச்சினை இல்லை, ஆள் தண்ணீருக்குள் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மின்னல், மின்சார வேலி?

மின்னல் தாக்கியவரின் உடம்பில் கரண்ட் நிற்காது, உடனே தொடலாம். வயலில் பலர் ஒரே நேரத்தில் விழுந்தால் அசைவில்லாமல் கிடப்பவருக்கு முதலில் உதவுங்கள், முனகுகிறவருக்கு உயிர் இருக்கிறது. இடி தொடர்ந்தால் பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

யானைக்கும் பன்றிக்கும் சட்டவிரோதமாக வீட்டு மின்சாரத்தை இழுத்துவிட்ட கம்பியில் அடிபட்டவர் வேறு கதை. மெயின் சுவிட்சை நிறுத்தாமல் கிட்டப் போகாதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாமவர் விழுவது இப்படித்தான். கரண்ட் நின்றது உறுதியானால் சீ.பி.ஆர், ஏ.ஈ.டி இரண்டும் பொருந்தும்.

சிறுபிள்ளைகளுக்கு?

8 வயதுக்கு அல்லது 25 கிலோவுக்குக் கீழே என்றால் சிறுவர் பட்டை, அல்லது கருவியிலுள்ள சிறுவர் சுவிட்ச். இல்லையென்றால் பெரியவர் பட்டையையே ஒன்றை நெஞ்சின் நடுவிலும் மற்றதை முதுகிலும் ஒட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அழுத்தும் ஆழம் நெஞ்சுத் தடிப்பில் மூன்றிலொன்று.

ஊரில் எங்கே வைப்பது?

கேட்கவேண்டியது ஒரே கேள்வி: இரவு இரண்டு மணிக்கு ஒருவர் போய் அதை எடுத்துத் திரும்பிவர எத்தனை நிமிடம்? மூன்றுக்குள் இருக்கவேண்டும். ஓட்டமும் நடையுமாக என்றால் ஒரு பக்கம் ஏறத்தாழ 200 மீற்றர். மோட்டார் சைக்கிளில் என்றால் ஒரு கிலோமீற்றருக்கு நெருங்கலாம், ஒழுங்கை நேராக இருந்தால்.

கிராம உத்தியோகத்தர் அலுவலகம் அழகான தெரிவுபோலத் தெரியும், ஆனால் மாலையானால் கதவு பூட்டு. பாடசாலையும் அப்படித்தான். கோயில் உள்மண்டபத்தில் வைத்தால் உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்தியதும் பெட்டியும் சாத்தப்பட்டுவிடும். வெளிவீதிப் பக்கம் நிழலுள்ள சுவர், இரவும் ஆளிருக்கும் எரிபொருள் நிலையம், பொலிஸ் நிலைய வாசல், பஸ் நிலையம், முழுநேரக் காவலாளி உள்ள கட்டடம் இவையெல்லாம் மேல். மட்டக்களப்பு நகரென்றால் பஸ் நிலையம், வெபர் மைதானம், கல்லடிக் கடற்கரை போல ஆட்கள் கூடும் இடங்களை முதலில் நினையுங்கள். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களில் கூட்டத்தைவிடத் தூரமே பெரிய நியாயம்.

ஆஸ்பத்திரி வாசலில் மாட்டவேண்டாம். உள்ளே இருப்பதையே வெளியிலும் வைப்பதில் பயனில்லை.

களவு போகாதா? பூட்டி வைத்தால் என்ன?

பூட்டினால் திறப்பு வைத்திருப்பவர் கலியாண வீட்டில் இருப்பார். பூட்டாமல், திறந்தால் சத்தமிடும் அலாரம் உள்ள பெட்டியும், கமரா பார்க்கும் சுவரும், இரவு வெளிச்சமும் போதும். திருடினாலும் எளிதில் விற்க முடியாத பொருள் அது என்பதும் உதவும். எங்கும் பூட்டுத்தான் வேண்டும் என்று சபை பிடிவாதமாக நின்றால், எண் பூட்டுப் போட்டு அந்த எண்ணைக் குறைந்தது இருபது பேருக்காவது கொடுங்கள்.

நம்மூர் வெயிலும் உப்புக்காற்றும் கருவியைக் கெடுக்காதா?

கெடுக்கும். பெரும்பாலான கருவிகள் 0 முதல் 50 பாகை செல்சியஸ்வரை தாங்கும். மேற்கு வெயில் அடிக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் நிறுத்திவைத்த வானுக்குள்ளும் அந்த எல்லை எளிதில் தாண்டும். முதலில் சாகிறது பட்டையின் பசை, அடுத்தது பற்றரி. வடக்குப் பார்த்த சுவர், அகலமான தாழ்வாரம், காற்றோட்டம் இருக்கட்டும். வாகனத்தில் நிரந்தரமாக வைக்கவேண்டாம்.

கடற்கரை ஊர்களில் இரும்புப் பெட்டி துருப்பிடித்து மூடி இறுகும். பிளாஸ்டிக் அல்லது தரமான துருப்பிடிக்கா எஃகு வாங்குங்கள், கீலுக்குக் கிரீஸ் வையுங்கள். கருவியின் ஐ.பி. எண் 55 இருந்தால் தூசும் மழைச்சாரலும் பரவாயில்லை. எறும்பும் பல்லியும் கூடுகட்ட இடம் தேடும், இடுக்குகளை அடையுங்கள். மாரியில் வெள்ளம் ஏறும் ஊரென்றால் 2011 ஜனவரி வெள்ளம் சுவரில் எந்த மட்டம் தொட்டது என்று பெரியவர்களைக் கேட்டு, அதற்கு மேலே மாட்டுங்கள். ஆனால் குட்டையான ஒரு பெண்ணின் கைக்கும் எட்டவேண்டும்.

கரண்ட் வேண்டுமா? எவ்வளவு செலவாகும்?

கருவிக்குக் கரண்ட் வேண்டாம். உள்ளே இருப்பது சார்ஜ் செய்யாத லிதியம் பற்றரி, காத்திருப்பில் 4 முதல் 5 வருடம் வரும். பட்டைகளுக்குப் பொதுவாக 2 முதல் 3 வருடம்.

உலகச் சந்தையில் ஒரு கருவி ஏறத்தாழ 1,000 முதல் 2,500 அமெரிக்க டொலர்வரை, நம் காசில் சில லட்சம். அதோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பதால்தான் பெட்டி ஐந்தாம் வருடம் வெறும் சுவர் அலங்காரமாகிறது. வாங்கும் நாளிலேயே மாற்றுப் பட்டைக்கும் பற்றரிக்கும் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் காசு போடுங்கள். இலங்கையில் மருத்துவக் கருவிகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. பதிவுச் சான்றைக் காட்டும் முகவரிடமே வாங்குங்கள். அந்த மொடலுக்குப் பட்டை கொழும்பில் கையிருப்பில் உண்டா என்பதை விலைக்கு முன் கேளுங்கள்.

கனடாவிலிருந்து, சுவிஸிலிருந்து உறவினர் ஒன்று அனுப்புகிறேன் என்கிறாரே?

நல்ல மனம். ஆனால் அங்கே கழித்துவிட்ட பழைய கருவி இங்கே சுமையாகும். பட்டையும் பற்றரியும் தயாரிப்பில் இல்லாத மொடலாக இருக்கலாம். ஜேர்மன் மொழியில் மட்டும் பேசும். வரும்போதே பட்டை காலாவதியாகியிருக்கும். உதிரி லிதியம் பற்றரியைப் பெரிய பொதியில் போட்டு விமானத்தில் அனுப்ப முடியாது. கையில் கொண்டுவருவதற்கும் விமான நிறுவனத்தைக் கேட்கவேண்டிவரலாம்.

அவரிடம் கேட்கவேண்டியது, இங்கே பதிவுள்ள கருவிக்கான காசும் பத்து வருடத்துக்கான பட்டைச் செலவும்தான். "எங்கட குடும்பப் பெயரைப் பெட்டியில எழுதுவீங்களா?" என்று கேட்டால் எழுதுங்கள், அதில் தவறில்லை. பெயர் சிறிதாகவும் இதயப் படம் பெரிதாகவும் இருக்கட்டும்.

யார் பார்த்துக்கொள்வது?

ஒரு பெயர், ஒரு பதில் பெயர். "சபை பார்க்கும்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், நலமென்றால் பச்சை விளக்கோ சரி அடையாளமோ தெரியும். பொறுப்பாளர் வாரம் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுப் போகலாம். பௌர்ணமி தினத்தில் பெட்டியைத் திறந்து பட்டைத் திகதி, பற்றரித் திகதி, கத்தரிக்கோல், ரேசர், துவாய், கையுறை, மூச்சுக் கொடுக்கும்போது வாயில் வைக்கும் மறைப்பு, சால்வை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் ஒப்பமிடட்டும்.

அடிக்கடி நடப்பவை இரண்டு. பற்றரி குறைந்து கருவி இரவில் கீச்சிடும், தூக்கம் கெட்ட அயலவர் பற்றரியைக் கழற்றிவிடுவார். அதனால் பொறுப்பாளரின் போன் எண் பெட்டியில் இருக்கவேண்டும். மற்றது, பயிற்சிக்கு ஆர்வமாக வந்தவர் உண்மைப் பட்டையைப் பிரித்துக் காட்டுவார். பிரித்த பட்டை விரைவில் காயும். பயிற்சிக்குத் தனிப் பட்டை கேளுங்கள்.

எத்தனை பேருக்குப் பயிற்சி?

பெட்டி வாங்குவதற்கு முன்பே தொடங்குங்கள். காசு சேராவிட்டாலும் பயிற்சி வீண்போகாது, சீ.பி.ஆருக்குக் கை மட்டும் போதும். பெட்டியைச் சுற்றியுள்ள கடைக்காரர், ஓட்டோத் தரிப்பிடச் சாரதிகள், ஐயர், பள்ளிவாசல் முஅத்தின், விளையாட்டுக் கழகப் பொடியன்கள், மாதர் சங்கத்தார் என்று முப்பது நாற்பது பேர். இரண்டு மூன்று மணிநேரம் போதும், ஆனால் ஆறு மாதத்தில் கை மறந்துவிடும். வருடம் இருமுறை அரைமணிநேரம் மீட்டிப் பாருங்கள். செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆகிய இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். பயிற்சிப் பொம்மை கிடைக்கும்வரை இறுக்கிக் கட்டிய தலையணையில் தாளம் பழகலாம்.

உதைபந்தாட்டக் கழகங்களை இழுக்க ஒரு வழி: 2021 ஜூனில் கோப்பன்ஹேகன் மைதானத்தில் விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனை நினைவூட்டுங்கள். மைதானத்திலேயே சீ.பி.ஆரும் ஷொக்கும் கிடைத்தன, அடுத்த வருடம் மீண்டும் விளையாடினார்.

மாமாங்கம் ஆடி அமாவாசை, திருக்கோவில் தீர்த்தம் போன்ற கூட்டத்துக்கு?

சுவர்ப் பெட்டி கூட்டத்துக்குள் பயனில்லை, ஆள் பிளந்துகொண்டு போகமுடியாது. இரண்டுபேர் சேர்ந்த தொண்டர் அணி ஒன்று கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கட்டும். தீர்த்தக்குளத்தின் எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது அணி. ஒலிபெருக்கி அறிவிப்பாளரிடம் ஒரு குறிச்சொல் கொடுத்து வையுங்கள். "மயங்கி விழுந்திட்டார்" என்று அறிவித்தால் உள்ள கூட்டமெல்லாம் பார்க்க அங்கே ஓடும்.

பயன்படுத்தியாயிற்று. பிறகு?

ஆள் மூச்சுவிடத் தொடங்கினால் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். பட்டையை உரிக்காதீர்கள், கருவியையும் நிறுத்தாதீர்கள், திரும்பவும் நிற்கலாம். பட்டையோடு அம்புலன்ஸில் போகட்டும். எத்தனை மணிக்கு விழுந்தார், எப்போது அழுத்தத் தொடங்கினீர்கள், எத்தனை ஷொக் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். இதயத்தாளம் கருவியின் நினைவகத்தில் பதிந்திருக்கும், வைத்தியர் கேட்டால் முகவர் மூலம் எடுத்துக் கொடுக்கலாம்.

அன்றைக்கே புதுப் பட்டை போட்டு, ரேசரும் கையுறையும் நிரப்பி, கருவியைத் துடைத்து, பச்சை விளக்கைப் பார்த்து மாட்டுங்கள். புதுப் பட்டை வரும்வரை பெட்டியில் "இப்போது பாவிக்க முடியாது" என்று எழுதி, அடுத்த கருவி எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் சேர்த்து ஒட்டுங்கள். அழுத்தியவர்களைப் பின்னேரம் போய்ப் பாருங்கள். ஆள் பிழைக்காவிட்டால் "நான்தான் பிழையாகச் செய்தேனோ" என்று இரவிரவாக யோசிப்பார்கள். அவர்கள் செய்தவற்றில் எது சரி என்பதை நேரம் குறித்த அந்தத் துண்டை வைத்தே எடுத்துச் சொல்லலாம்.